பெருக்கி வைத்த கடற்கரை

அந்தக் கடற்கரையைப் பெருக்கியவளே ரத்னாதான். தென்னந்துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, இடுப்பு விட்டுப்போகும்படி குனிந்து, ஒரு முழு நாள் பெருக்கினாள். பிற்பாடு அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதில் பாதி ஊர் உலகத்தின் மேல் என்றால் மீதிப் பாதி தன் மேலேயேதான்.

முட்டுக்காடு போட் ஹவுஸைத் தாண்டித் தெற்கே வந்தால், ஈ.சி.ஆர். ரோட்டிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் மண்பாதையின் முடிவில் பனைமேட்டுக்குப்பம். எண்பது வீடு. பின்னால் சவுக்குத் தோப்பு, முன்னால் மணல். அந்த மணலில்தான் படகு நிற்கும், வலை உலரும், காலை ஒன்பது மணிக்கு மேல் பெண்கள் கருவாடு பரப்புவார்கள். ரத்னாவின் புருஷன் லோகு மூன்று பேரோடு சேர்ந்து ஒரு ஃபைபர் படகில் போகிறவன். பச்சையாக விலைபோகாத நெத்திலியும் காரப்பொடி மீனும் ரத்னாவின் கைக்கு வந்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் காய்ந்து, சந்தைக்குப் போகும். மகள் சுவேதாவைப் படூர் காலேஜில் பி.காம். சேர்த்ததும் அந்தக் கருவாடுதான். மணலுக்குப் பட்டா கிடையாது. கடலுக்கு யாரிடம் பட்டா இருக்கிறது, மணலுக்குத் தேடுவதற்கு என்று எவரும் அதைப்பற்றி யோசித்ததில்லை.

2008 பொங்கல் முடிந்த கையோடு நித்தின் வந்தான். படூரில் ஃபிளாட், சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை, சனிக்கிழமையானால் பைக்கில் கடற்கரை கடற்கரையாகச் சுற்றுகிறவன். கெட்டவன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கெட்டவனாக இருந்திருந்தால் ஊர் உஷாராக இருந்திருக்கும்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் நீலமேகத்திடம் அவன் விளக்கினான். ஆர்குட் என்று ஒன்று இருக்கிறதாம். கம்ப்யூட்டரில் ஆளுக்கு ஆள் பேசிக்கொள்ளும் இடம். அதில் 'நம்ம ஈ.சி.ஆர்.' என்று ஒரு குழு நடத்துகிறானாம். ஒன்பதாயிரம் பேர் சேர்ந்திருக்கிறார்களாம்.

"இந்த மாதிரி ஒரு பீச் இங்க இருக்குன்னு யாருக்குமே தெரியல சார். எல்லாரும் நேரா மாமல்லபுரம் போயிடறாங்க. ரெண்டு போட்டோ போட்டா போதும், வண்டி வண்டியா ஜனம் வரும். நீங்க மீன் வறுத்து விக்கலாம், படகுல கூட்டிட்டுப் போகலாம். ஊரு முன்னேறும்."

"ஜனம் வர்றது இருக்கட்டும் தம்பி, எங்கள இன்னா பண்ணச் சொல்ற?" என்றார் நீலமேகம்.

"ஒண்ணும் வேணாம் சார். அடுத்த ஞாயித்துக்கெழம கேமராவோட வரோம். அவ்வளவுதான்."

ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொன்னான். அந்த ஒன்றை ஊர் தானாகச் செய்தது. சுனாமிக்கு அப்புறம் கேமராவோடு வந்தவர்கள் எல்லாருமே அழுகிற முகம் தேடி வந்தவர்கள். உடைந்த படகு எங்கே, செத்தவர் வீடு எது என்று கேட்டவர்கள். இவன் ஒருத்தன்தான் ஊர் அழகாக இருக்கிறது என்று சொன்னவன். அப்படிச் சொன்னவன் ஆட்களோடு வரும்போது கருவாட்டு நாற்றத்தில் நிற்கவைப்பதா? வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மூலையில் கிடக்கிற அழுக்குத் துணியைக் கட்டிலுக்கடியில் தள்ளுகிறோம் இல்லையா, அதே புத்திதான்.

சனிக்கிழமை கடலுக்கு யாரும் போகவில்லை. ஆண்கள் இருபத்தியிரண்டு படகையும் தோள் கொடுத்து இழுத்து, சவுக்குத் தோப்புக்குள் கொண்டுபோய் விட்டார்கள். வலைகளைச் சுருட்டி வீட்டு மாடிகளில் போட்டார்கள். பாதி காய்ந்த கருவாட்டைப் பெண்கள் கோணியில் அள்ளினார்கள். அள்ளியதில் பாதி புழுங்கிக் கெட்டுப்போனது, அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் வரிசையாக நின்று மணலைப் பெருக்கினார்கள். ஈர மணலில் கோலம் போடலாமா என்று பக்கத்து வீட்டுக் கண்ணகி கேட்டாள். அலை வந்து அழித்துவிடும் என்று ரத்னாதான் தடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நித்தினோடு வைஷாலி என்ற பெண் கேமராவும் கையுமாக வந்தாள். மணலைப் பார்த்ததும் அவள் வாயைப் பிளந்தாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்ற பெண்களை வைத்து மரியாதைக்கு இரண்டு படம் எடுத்தாள். பிறகு எல்லாரையும் ஓரம் போகச் சொல்லிவிட்டு, ஆளே இல்லாத மணலையும் கடலையும் இருநூறு படம் எடுத்தாள். மத்தியானம் ரத்னா வீட்டில்தான் சாப்பாடு. வஞ்சிரம் வறுவல், நண்டுக் குழம்பு. வைஷாலி மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் சுவேதா காலேஜ் பக்கத்து பிரவுசிங் சென்டரில் படத்தைப் பார்த்து, கலரில் பிரிண்ட் எடுத்து வந்தாள். வெள்ளை மணல், நீலக் கடல், ஒரு ஈ காக்காய் இல்லை. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. சுவேதா தமிழில் சொன்னாள்: "யாருமே இல்லாத கடற்கரை. சென்னையிலிருந்து நாற்பதே நிமிடம்."

"யாருமே இல்லாதன்னா இன்னா அர்த்தம்? நாம கீறோமே?" என்று லோகு கேட்டான்.

"சும்மா அழகுக்கு எழுதறதுப்பா," என்றாள் சுவேதா.

அழகுக்குத்தான் என்று ரத்னாவும் நினைத்தாள். நீலமேகம் அந்தப் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு டீக்கடையில் மாட்டினார். ரத்னா தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவாள். நான் பெருக்கினது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பார் என்ற பெருமை. அந்தப் பெருமையை நினைத்தால் பிறகு அவளுக்குத் தன் கன்னத்தில் தானே போட்டுக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

ஜனம் வந்தது. நித்தின் பொய் சொல்லவில்லை, வண்டி வண்டியாகத்தான் வந்தது. முதல் நாலு ஞாயிறு ரத்னாவும் கண்ணகியும் அடுப்பு வைத்து மீன் வறுத்தார்கள், நன்றாகவே போயிற்று. ஐந்தாவது ஞாயிறு, வந்தவர்கள் கையோடு சாப்பாடு கொண்டுவந்தார்கள், பாட்டிலும் கொண்டுவந்தார்கள். உடைந்த பாட்டில் மணலில் புதைந்து கண்ணகியின் உள்ளங்காலைக் கிழித்தது. பரப்பி வைத்த நெத்திலியின் மேலேயே செருப்புக் காலோடு நடந்துவிட்டு, "என்னம்மா, போட்டோல இதெல்லாம் இல்லியே?" என்று ஒருத்தர் ரத்னாவிடம் சண்டைக்கு வந்தார். ஏதோ அவரை இவள் ஏமாற்றிவிட்டதைப்போல.

அதெல்லாம் கூடப் போகட்டும். ஆனி மாசம் ஊர் முனையில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். குப்பத்துக்கு முன்னால் உள்ள காலிப் புறம்போக்கு மணலில், ஒரு தனியார் கம்பெனி கடற்கரைப் பூங்காவும் தங்கும் விடுதியும் கட்ட அனுமதி கேட்டிருக்கிறது, ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். சுவேதாதான் படித்துக் காட்டினாள். மணல் போனால் படகை எங்கே நிறுத்துவது, கருவாட்டை எங்கே போடுவது? இதைக் கேட்க நீலமேகமும் ரத்னாவும் இன்னும் நாலு பேரும் பஸ் பிடித்துச் செங்கல்பட்டு ரெவின்யூ ஆபீஸுக்குப் போனார்கள்.

ஆபீஸில் அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். பிறகு கோப்பைப் பிரித்தார். முதல் பக்கத்தைத் திருப்பியதுமே ரத்னாவுக்குத் தெரிந்துபோயிற்று. டீக்கடையில் மாட்டியிருக்கிற அதே படம்.

"இது உங்க ஊர்தானே? ஒரு படகு கூட இல்லியேம்மா. மீன் காயப்போடறோம்னு சொல்றீங்க, எங்க காயுது? இடம் யாருக்கும் பயன்பாட்டுல இல்லன்னு கம்பெனி எழுதிக் கொடுத்திருக்காங்க, ஆதாரமும் வெச்சிருக்காங்க."

"சார், அது நாங்க பெருக்குனது!" ரத்னா எழுந்துவிட்டாள். "கேமரா வருதுன்னு நாங்கதான் படக இழுத்துத் தோப்புல வுட்டோம். நாங்கதான் கருவாட்ட அள்ளுனோம். என் கையால பெருக்குனேன் சார்!"

"எதுக்கும்மா பெருக்கினீங்க?"

வருகிறவர்கள் முன்னால் அசிங்கமாக இருக்கக் கூடாது என்று பெருக்கினோம் என்பதை ஒரு ஆபீஸில், மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதிகாரி கோப்பை மூடி, பதினைந்து நாள் கழித்து வரும் புதன்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பிவைத்தார்.

ரத்னா வீட்டுக்குப் போகவில்லை. நேரே படூருக்குப் போய், காலேஜிலிருந்த சுவேதாவைக் கூட்டிக்கொண்டு நித்தின் வீட்டுக்குப் போனாள். ஃபிளாட் வாசலில் செக்யூரிட்டி அவள் புடவையை மோந்து பார்க்காத குறையாக நிறுத்தி, மேலே போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் விட்டான். நித்தின் பதறிப்போய்க் கதவைத் திறந்தான்.

"எங்கள யாருமே இல்லாதவங்கன்னு எழுதிட்டியே தம்பி. எங்கூட்ல உக்காந்து சோறு துன்னியே, அப்ப யாரு போட்டது அந்தச் சோத்த? பேயா?"

அவன் முகம் செத்துப்போயிற்று. விஷயம் முழுக்கக் கேட்டதும் அந்தக் கம்பெனியைத் தனக்குத் தெரியவே தெரியாது என்று சத்தியம் பண்ணினான். உண்மையாகவும் இருக்கலாம். படத்தை அப்போதே எடுத்துவிடுவதாகச் சொன்னான். எடுத்தான். ஆனால் அது அதற்குள் எத்தனையோ பேர் பக்கத்துக்குப் போய்விட்டதாம், இவன் எடுத்தால் மட்டும் போகாதாம்.

"அப்ப நெஜத்தப் போடு. தெனம் எப்டி கீதோ அத்தப் போடு," என்றாள் ரத்னா.

மறுநாளே வந்து எடுத்தான். வலைமேல் பளபளக்கும் நெத்திலி, வரிசையாகப் படகு, நடுவில் காக்கா ஓட்டிக்கொண்டு ரத்னா. இதுதான் இந்த ஊர் மக்களின் வாழ்க்கை, இந்த மணல் இவர்களுக்கு வேண்டும் என்று நல்ல தமிழில் எழுதியும் போட்டான். இரண்டு நாள் கழித்து, யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்க ரத்னா தானே பிரவுசிங் சென்டருக்குப் போனாள். சுவேதா திரையைப் பார்த்துவிட்டு, "வேணாம்மா, வா போலாம்," என்றாள்.

"படி."

சுவேதா படித்தாள். குரல் போகப் போகத் தேய்ந்தது. "'எவ்ளோ அழகான பீச், இப்படி நாசம் பண்ணிட்டாங்களே.' 'ஜனவரில பாத்தப்ப சுத்தமா இருந்துச்சு, ஆறு மாசத்துல ஆக்கிரமிப்பு பண்ணிட்டாங்க.' 'டூரிஸ்ட் வரத் தொடங்கினதும் இடம் பிடிக்க வந்துட்டாங்க பாருங்க.' 'யார் இந்தம்மா? இவங்களுக்கெல்லாம் வேற இடமே கெடைக்கலியா?'"

ரத்னாவின் மாமியாரின் மாமியார் கருவாடு போட்ட மணல் அது. அங்கே அவள் இந்த ஆறு மாதத்துக்குள் இடம் பிடிக்க வந்தவளாம்! பெங்களூரிலும் அமெரிக்காவிலும் உட்கார்ந்திருக்கிறவன், வாழ்நாளில் அந்த மணலை மிதிக்காதவன், அவளைப் பார்த்து நீ யார் என்கிறான்.

"கடைசில ஒரு மனு போட்டுகிறாங்க," என்றாள் சுவேதா. "பனைமேட்டுக்குப்பம் கடற்கரையக் காப்பாத்துங்க, பழையபடி சுத்தமா மாத்துங்கன்னு. நாலாயிரம் பேரு கையெழுத்துப் போட்டுகிறாங்க."

"யார்கிட்டேருந்து காப்பாத்த?"

"நம்மகிட்டேருந்துதாம்மா."

கையெழுத்துகளில் ஒரு பெயரில் சுவேதாவின் விரல் நின்றது. வைஷாலி. மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள். ரத்னாவுக்கு அழுகை வரவில்லை, அழுகையெல்லாம் வராது அவளுக்கு. அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி ரோட்டில் அடிக்கலாம்போல ஆத்திரம் வந்தது. வாசலில் விட்ட செருப்பைக்கூட மாட்டாமல் பாதி தூரம் நடந்துவிட்டாள்.

சாயங்காலம் நித்தின் போன் பண்ணினான். மன்னிப்புக் கேட்டான். பிறகு ஒரு யோசனை சொன்னான்: "அக்கா, ரெண்டு பக்கமும் ஒத்துப்போற மாதிரி, தோப்புக்குப் பின்னாடி உங்களுக்கு ஒரு நல்ல ஷெட் கட்டித் தரச் சொல்லிக் கேக்கலாமா?"

"கருவாடு வெயில்ல காயுது தம்பி. ஷெட்டுல காயாது," என்று போனை வைத்துவிட்டாள்.

அதிகாரி வரவேண்டிய புதன்கிழமைக்கு முதல் நாள் காலையில் கடற்கரைக்கு வந்த ரத்னா கண்ட காட்சி அவள் ரத்தத்தைக் கொதிக்கவைத்தது. நீலமேகம் நடுவில் நின்று வேலை ஏவிக்கொண்டிருந்தார். நாலு பேர் ஒரு படகுக்குத் தோள் கொடுத்து நின்றார்கள். கண்ணகி கையில் துடைப்பம்.

"இன்னா நடக்குது இங்க?"

"நாளைக்கு ஆபீசர் வராரும்மா," என்றார் நீலமேகம். "கண்டபடி கெடந்தா நல்லாவா இருக்கும்? அவர் நடந்து பாக்க ஒரு வழியாவது ஒதுக்கி வெக்கணும். கொஞ்சம் சுத்தம் பண்ணிட்டு, மரியாதையாச் சொன்னா அவரும் கேப்பாரு."

ரத்னா கண்ணகியின் கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்கினாள். ஒரே வீச்சு, அது போய் அலையில் விழுந்தது.

"புத்தி கீதா உங்களுக்கு? பெருக்கிப் பெருக்கித்தான் இந்த நெலமைக்கு வந்துகிறோம்! படம் புடிக்க வந்தவளுக்குப் பெருக்குனோம், நாம இங்க இல்லவே இல்லன்னு எழுதிட்டாங்க. இன்னும் ஒரு தபா பெருக்குனா ஊரையே சேத்துப் பெருக்கிடுவான். தலைவரே, உங்க மேல எனக்கு மரியாதி கீது. ஆனா இந்த மண்ணுல இருந்து ஒரு காரப்பொடிய எவனாவது நகுத்துனான்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்."

"அப்ப இன்னா பண்ணச் சொல்ற? ஊர்க் கருவாட்ட மொத்தமும் கொண்டாந்து கொட்டணுமா?"

"கூடவும் வேணாம், கொறையவும் வேணாம். தெனம் எப்டி கீதோ அப்டியே கெடக்கட்டும்."

நீலமேகத்துக்கு முகம் சுருங்கியது. பொம்பளை ஒருத்தி ஊருக்கு நடுவில் எதிர்த்துப் பேசியது அவருக்கு இதுதான் முதல் தடவை. லோகு என்ன செய்வான் என்று எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் படகிலிருந்து தோளை எடுத்துவிட்டு, தன் வலையைப் பிரித்து மணலில் விரித்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் படகை விட்டார்கள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார், கூட ஒரு கிளார்க். மணலில் கால் வைத்ததும் கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று. இருபத்தியிரண்டு படகு, வலை, கயிறு, அலை தொடும் இடம் வரைக்கும் கருவாடு. பத்தடி நடந்தார், நின்றார், பின்வாங்கினார்.

"எந்தப் பக்கமா நடக்கறது?"

"நடக்க வழி இல்ல சார். அதையே எழுதிக்குங்க," என்றாள் ரத்னா.

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நான் வரேன்னு இத்தனையும் பரப்பி வெச்சீங்களா? ஆய்வுக்குப் போனா ஜனங்க இப்படி ஜோடிச்சு வெக்கறது எங்களுக்குப் புதுசு இல்லம்மா."

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. நீலமேகம் கும்பிட்ட கையோடு முன்னால் வர, ரத்னா அவரைத் தள்ளாத குறையாக விலக்கிக்கொண்டு வந்தாள்.

"கேமராவுக்காகப் பெருக்கி வெச்சத அப்டியே நம்புனீங்க சார். இன்னைக்குப் பெருக்காம வுட்டத மட்டும் நம்ப மாட்டேன்றீங்க. நாலாயிரம் பேரு எங்கேயோ குந்திகினு பொத்தான அமுக்குனா அது நெஜம். நாங்க எண்பது வூடும் உங்க கண்ணு முன்னாடி நின்னா அது ஜோடிப்பு. எத்தப் பாத்தா நீங்க நம்புவீங்க? சொல்லுங்க, அத்தச் செய்றோம்!"

அதிகாரி கிளார்க்கிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். போனவர் என்ன எழுதுவார் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாம் ரத்னாவின் வாயால் கெட்டது என்று டீக்கடையில் நீலமேகம் சொன்னதாகக் கேள்வி.

வியாழன் போயிற்று. வெள்ளி, சனி போயின. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கிளார்க் ஓட்டிவந்த ஒரு பழைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அதிகாரி வந்தார். யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. நீலமேகம் ஊரில் இல்லை. ஆண்கள் பாதிப்பேர் இன்னும் கடலில் இருந்தார்கள். ரத்னா குத்துக்காலிட்டு உட்கார்ந்து நெத்திலியைத் திருப்பிக்கொண்டிருந்தாள், கண்ணகி காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தாள். கடலுக்குப் போன படகுகள் தவிர, வடக்குக் கோடியிலிருந்து தெற்குக் கோடி வரை புதன்கிழமை கிடந்தபடியேதான் எல்லாம் கிடந்தது.

அவர் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். இந்தத் தடவை மூக்குக்குக் கைக்குட்டை போகவில்லை. பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"சொல்லும்மா, மீன் காயப்போடற இடம் எதுலேருந்து எது வரைக்கும்?"

ரத்னா எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் திருப்பி அவர் காலைப் பார்த்தாள்.

"நீங்க நிக்கிறதும் அதுலதான் சார். கொஞ்சம் தள்ளிக்குங்க, நெத்திலி காயணும்."